நீல வெளிச்சம் வரும் இடம்

ஏப்ரல் 21, திங்கள்

பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். மகள் மிருதுளாவின் அறைக்கதவில் இருந்ததையும் கழற்றிவிட்டேன். துருப்பிடித்து மாட்டிக்கொள்கிறது, புதுசு வாங்கிப் போட வேண்டும் என்று சொன்னேன். சாந்தாமணி என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையும் என் முகத்தையும் பார்த்தாள்.

என் பிரஷர் மாத்திரை, சாந்தாமணியின் தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டு பஸ் ஸ்டாண்டில் இருக்கும் எங்கள் கம்பெனி ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. மறுநாளைக்கு உண்டானதை மட்டும் சட்டைப் பையில் கொண்டுவருகிறேன்.

மிருது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. சொந்தக்காரர்களிடம் ஃபுட் பாய்சன் என்று சொல்லியிருக்கிறோம்.

ஏப்ரல் 23, புதன்

ஒன்றரை தோசை சாப்பிட்டாள். தக்காளிச் சட்னி வேண்டாம் என்றாள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னதே பெரிசு.

ஏப்ரல் 26, சனி

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஒரு சாண் சேறு. இறங்கி வரும்போது மிருதுவின் அறையை எட்டிப் பார்த்தேன். கதவு இப்போதெல்லாம் ஒருக்களித்தேதான் இருக்கிறது. வெயிலுக்காக ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தாள். இருட்டு அறையில் சுவர் முழுக்க நிறம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு, ஊதா, திடீரென்று ஒரே வெள்ளை. கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருந்தாள். காதில் ஒயர்.

ஈரக் காலோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவும் இல்லை, மூடவும் இல்லை.

ஏதோ வெளிநாட்டுப் பாட்டுக் கச்சேரி. ராக் மியூசிக் என்பார்களே, அது. பெரிய ஸ்டேடியம். சத்தம் அவள் காதுக்குள் போய்விட்டதால் எனக்கு வெளிச்சம் மட்டும்தான் கிடைத்தது. சுத்தமான இருட்டில் மேலேயிருந்து ஒரு வெள்ளை நூல் இறங்கியது. அது தரையைத் தொட்டதும் மேடை இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து புகை. புகைக்குள்ளிருந்து டிரம்ஸ், அதை அடிக்கிற ஒரு பெண், அவள் உட்கார்ந்திருக்கும் வட்டமான மேடை, எல்லாம் சேர்ந்து மேலே எழும்பி வந்தன. பூமிக்குள்ளிருந்து முளைத்த மாதிரி.

"என்ன கண்ணு இது?" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன். கொஞ்ச நேரம் என்று நினைத்தேன். சாந்தாமணி காபி ஆறிப்போனது என்று திட்டினாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதியம் கேட்டேன். "அதை டிவியில போடலாமல்ல? பெருசா பாக்கலாம்."

"உங்களுக்குப் பிடிக்காதுங்ப்பா. ஒரே சத்தமா இருக்கும்."

"பிடிக்காட்டி எந்திரிச்சுப் போறேன்."

தோளைக் குலுக்கினாள். மொபைல் கடையில் கேட்டால் அதற்கு ஒரு ஒயர் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒயர் வாங்கி வந்தேன். மாட்டத் தெரியவில்லை. டிவியைத் திருப்பி வைத்துக்கொண்டு நான் திண்டாடுவதைப் பார்த்து அவளே எழுந்து வந்து சொருகினாள். ஹாலுக்கு அவளாக வந்தது இதுதான் முதல் தடவை. சாந்தாமணி சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் கண்ணைக் காட்டினேன், உள்ளே போய்விட்டாள்.

சத்தத்தோடு பார்த்தேன். முதல் பாட்டுக்கு நெஞ்சு அதிர்ந்தது. பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் டிரம்ஸில் ஒவ்வொரு அடி விழும்போதும் ஒரு விளக்கு எரிகிறது என்று கண்டுபிடித்ததும் காது தானாகப் பழகிக்கொண்டது. மெதுவான அடிக்கு ஒன்று. வேகம் கூடினால் பத்து, நூறு. கடைசியில் ஸ்டேடியத்தின் கூரை, தூண், படிக்கட்டு என்று எல்லா இடத்திலும் விளக்கு, அத்தனையும் அந்தப் பெண்ணின் இரண்டு குச்சிக்குக் கட்டுப்பட்டு எரிகின்றன, அணைகின்றன.

என் வேலை பஸ்ஸுக்கு டைம் பார்ப்பது. உடுமலை ஸ்டாண்டில் ஒரு வண்டி இரண்டு நிமிஷம் பிந்திக் கிளம்பினால் பின்னாடி வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். நேரத்துக்கு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இங்கே ஆயிரம் விளக்கு, ஒன்றுகூடப் பிந்தவில்லை. யாரோ எங்கேயோ இருட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். கைதட்ட வேண்டும் போல இருந்தது. மிருது பக்கத்தில் இருந்ததால் தட்டவில்லை.

மே 2, வெள்ளி

சாந்தாமணியும் வந்து உட்கார்ந்தாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. பகலில் அவள், சாயங்காலம் நான் என்று மிருதுவுக்குத் துணையாக இருக்கிறோம். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

மேடை ஓரத்தில் வரிசையாகத் தீ சீறியது. ஆள் உயரத்துக்கு, பிறகு பனைமர உயரத்துக்கு. "ஏனுங்க, அந்த ஆளு தலைமுடியை விரிச்சுப் போட்டுட்டு நிக்கறான். பத்திக்காதா?" என்றாள்.

மிருதுவின் வாயோரம் லேசாக அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. சாந்தாமணியைக் கேட்டேன். அவளுக்கும் தோன்றியதாம்.

சாந்தாமணிக்கு டிரம்ஸ் அடிக்கிற பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. "இத்தனை நேரமா அடிக்குது. கை வலிக்காதா அந்தப் புள்ளைக்கு? வேர்த்து ஊத்துது, துண்டு குடுக்க ஒரு ஆள் இல்ல" என்று பாட்டு முடிகிறவரை புலம்பினாள்.

மே 4, ஞாயிறு

எலுமிச்சை ஊறுகாய் போட்டோம். மிருது இரண்டு பழம் நறுக்கினாள். கத்தியை நான் திரும்ப வாங்கி வைத்தேன்.

மே 6, செவ்வாய்

இன்று நான் பார்த்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பாதிக் கச்சேரியில் மேடைமேல் மழை பெய்கிறது. நிஜத் தண்ணீர். மேடையின் அகலத்துக்குத் திரை மாதிரி விழுகிறது. பாடுகிறவன் அதற்குப் பின்னால் நிழலாக நிற்கிறான். எல்லா விளக்கும் அணைந்து, பிறகு ஒரு நீல வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான், மழை நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விழுந்துகொண்டிருந்த துளிகள் அந்தந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றன, ஒவ்வொன்றும் கண்ணாடி மணி மாதிரி. பாடகன் கையை நீட்டித் துளிகளுக்கு நடுவே நடந்து வருகிறான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது துளிகள் மெதுவாக அசைந்து மேலே போக ஆரம்பித்தன. மழை வானத்துக்குத் திரும்பிப் போகிறது!

இத்தனை நாள் இந்த இடம் வரும்போது ஒரு போனோ, பால்காரரோ வந்து நான் எழுந்து போயிருக்கிறேன். இன்றுதான் பார்க்கக் கிடைத்தது. "சாமி!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அது நிஜ மழைதாங்ப்பா," என்றாள் மிருது. "கீழதான் விழுது. லைட்டை ரொம்ப வேகமா போட்டுப் போட்டு அணைக்கறாங்க. ஒவ்வொரு தடவை எரியறப்பவும் அடுத்த சொட்டு அதே எடத்துக்கு வந்திருக்கும். நம்ம கண்ணுதான் ஏமாந்து நிக்குதுன்னு நெனச்சுக்குது. கொஞ்சம் முன்னாடியே எரிய விட்டா மேல போற மாதிரி தெரியும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு இதுதான்.

"உனக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

மிருது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். சாந்தாமணி கேட்டிருக்க வேண்டாம். ஆனால் நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

மே 9, வெள்ளி

கோயமுத்தூர் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். தூக்கம் பரவாயில்லை, மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்கள். மிருதுவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். "அந்தப் பையனைப் பத்தி வீட்ல பேசறீங்களா?"

"இல்லைங்க. எதுக்கு ஞாபகப்படுத்தணும்னு..."

"அவளுக்கு மறந்திருக்கும்னா நினைக்கறீங்க?"

அந்தப் பையன் அவளோடு காலேஜில் படித்தவன். ஒரே கிளாஸ். தாராபுரத்துக்காரன். பிப்ரவரியில் ஊருக்கு வரும் வழியில் பைக்கில் லாரி மோதி இறந்துவிட்டான். நல்ல பையன் என்று ஹாஸ்டல் வார்டன் சொன்னார். கூடப் படித்தவன், அவ்வளவுதான். கூடப் படித்தவர்கள் இறந்தாலும் மனசு பாதிக்கத்தானே செய்யும்.

வரும் வழியில் பஸ் ஜன்னலில் சாய்ந்தபடியே வந்தாள். குடிமங்கலம் தாண்டும்போது இருட்டிவிட்டது. காற்றாலை உச்சிகளில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுங்கின. "நம்ம ஊர்லயும் ஸ்டேஜ் போட்டிருக்காங்க பாரு" என்றேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மே 11, ஞாயிறு

சாந்தாமணியின் அண்ணன் போன் செய்தார். படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாமே, மனசு மாறும் என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கச்சேரி. இந்தத் தடவை மேடையை விட்டுவிட்டு ஜனங்களையே பார்த்தேன். எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள், அதற்குள் விளக்கு. மேலேயிருந்து காட்டும்போது ஒரு மூலையில் மஞ்சள் கிளம்பி ஸ்டேடியம் முழுக்க ஓடுகிறது, மக்காச்சோளக் காட்டில் காற்று ஓடுகிற மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம்தான். அவர்களுக்குத் தாங்கள் என்ன அழகு என்று தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது.

இதைச் சொன்னேன். "ஆமாங்ப்பா" என்றாள் மிருது.

மே 14, புதன்

எழுத முடியவில்லை. பத்திரமாக இருக்கிறாள்.

மே 15, வியாழன்

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். ஸ்டாண்டில் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் கம்பெனி கண்டக்டர் ரங்கநாதன். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணா, நம்ம பாப்பா வண்டில ஏறியிருக்குதுங்க. நால் ரோட்டுல ஏறுச்சு. தாராபுரம் டிக்கெட் கேக்குது. தனியா இருக்குது. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டாண்டில் ஹாரன் அடிக்கிறார்கள், ஆட்கள் வாயை அசைக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. சாந்தாமணி குளிக்கப் போயிருப்பாள். அந்த நேரத்தில் கிளம்பியிருக்கிறாள்.

"இறக்கி விட்டரட்டுமாண்ணா? எதிர் வண்டில ஏத்தி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். எப்படி அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. "போகட்டும். நீ ஒண்ணும் கேக்காத. எங்க எறங்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. ரங்கநாதா, கண்ணை எடுத்தறாத."

"எடுக்க மாட்டனுங்கண்ணா."

டீக்கடைக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாந்தாமணிக்குப் போன் செய்து, மிருது என்னோடுதான் இருக்கிறாள் என்று பொய் சொன்னேன். வழியெல்லாம் என்னென்னவோ நினைத்தேன். எழுத மாட்டேன். பாதி வழியில் மறுபடியும் ரங்கநாதன். சர்ச் ஸ்டாப்பில் இறங்கிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறாள். வண்டியை நிறுத்தி வாசல்வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தியிருப்பார்கள். நேரம் தவறியதற்கு அவன்மேல் புகார் எழுத வேண்டியது நான்தான். எழுதவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கேட் திறந்திருந்தது. மூலையில் ஒரு வேப்பமரம். அதன் பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறை. அதன் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அதில் எதையோ ஓடவிட்டு, திரையைக் கல்லறைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். கேட் வரைக்கும் மெல்லிசாக டிரம்ஸ் சத்தம் கேட்டது. எனக்கு அந்தப் பாட்டு தெரியும். மழைப் பாட்டு.

நான் உள்ளே போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பாட்டு முடிந்து, அடுத்தது முடிந்து, அதற்கும் அடுத்ததும் முடிந்தது. அவள் போனை நகர்த்தவே இல்லை. கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினாள்.

எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"எப்பங்ப்பா வந்தீங்க?"

"இப்பத்தான் கண்ணு."

என் சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்தாள். பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"செத்துப்போகப் போனேன்னு நெனச்சீங்களா?"

இளநீர்க்காரர் எங்களைப் பார்த்தார். "ஆமா கண்ணு" என்றேன்.

"இல்லைங்ப்பா. காட்டிட்டு வரலாம்னு போனேன். சொன்னா விட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இனி சொல்லு. நானே கூட்டிட்டு வர்றேன்."

ஏப்ரல் முதல் வாரத்தில் என் மகள் மாத்திரைகளை விழுங்கினாள். ஃபுட் பாய்சன் இல்லை. இதை இந்த டைரியில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மே 18, ஞாயிறு

சாந்தாமணியிடம் உண்மையைச் சொன்னேன். பொய் சொன்னதற்காக என்னோடு இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாம் வேளை ரங்கநாதன் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி எள்ளுருண்டை பிடித்தாள்.

மே 21, புதன்

கச்சேரி. இன்று சாந்தாமணி டிரம்ஸ் பெண்ணுக்கு ஒரு பேர் வைத்துவிட்டாள், செல்லாத்தா. கடைசிப் பாட்டில் செல்லாத்தா உட்கார்ந்திருக்கும் வட்டமேடை அப்படியே தலைகீழாகச் சுற்றுகிறது. பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தலைகீழாகத் தொங்கியபடி அடிக்கிறாள், ஒரு அடிகூடத் தவறாமல். அவளைச் சுற்றிப் பச்சைக் கோடுகளாக லேசர் வெளிச்சம், கூண்டு மாதிரி. கண்ணாலே பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மனுஷர்கள் ஒரு சாயங்காலத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே. மறுநாள் அத்தனையையும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்களாம். மிருது சொன்னாள்.

"செல்லாத்தா விழுந்துரப் போறா" என்று சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிருது சத்தமாகவே சிரித்தாள்.

மே 24, சனி

மதியத்திலிருந்தே புழுக்கம். சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து கச்சேரி பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் மழை விழ ஆரம்பித்த நேரம், வெளியே ஒரு இடி. டிரான்ஸ்பார்மர் பக்கம் டப்பென்று சத்தம். கரன்ட் போய்விட்டது. டிவி, ஃபேன், தெருவிளக்கு எல்லாம். மழை பிடித்துக்கொண்டது. வாசல் தகரத்தின்மேல் கொட்டுகிற சத்தம் மட்டும்.

சாந்தாமணி மெழுகுவர்த்தி தேட எழுந்தாள். அப்போது மிருது சொன்னாள்.

"இப்ப நீல வெளிச்சம் வருங்ப்பா."

நான் சாந்தாமணியின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இந்த எடத்துல அவன் எந்திரிச்சு நின்னுக்குவான். கேன்டீன்லதான் டிவி. பின்னாடி இருக்கறவங்கெல்லாம் உக்காருடா உக்காருடான்னு கத்துவாங்க. அவனுக்குக் கேக்கவே கேக்காது. வாய் தொறந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இதான் மொத தடவைங்கற மாதிரி பாப்பான். அப்புறம் என்கிட்ட திரும்பி, மிரு, பாடறவன எல்லாரும் பாக்கறாங்க, அந்த லைட்டுப் போடறவன யாருமே பாக்கல பாத்தியா, நான் அவனாத்தான் ஆகப்போறேன்னு சொல்லுவான்."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. விளக்கு எங்கே எரியும், எங்கே அணையும் என்று கையால் காட்டிக்கொண்டே பேசினாள்.

"காலேஜ் டே அன்னிக்கு அவன்தான் லைட்டு. வெறும் பன்னெண்டு லைட்டுங்ப்பா. கலர் பேப்பர் ஒட்டி, தோட்டத்து ஓஸ்ல ஓட்டை போட்டு மேல இருந்து மழை வேற பெய்ய வெச்சான். பிரின்சிபால் பேசறப்ப தண்ணியத் தொறந்து விட்டுட்டான். அவர் கோட்டெல்லாம் நனைஞ்சு, ஃபியூஸ் போயி, மொத்த பிளாக்கும் இருட்டு..."

சிரிக்க ஆரம்பித்தாள். சாந்தாமணியும் சிரித்தாள். நானும். சிரித்துக்கொண்டே இருக்கும்போது மிருதுவின் சிரிப்பு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. சாந்தாமணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அந்தப் பையன் பேரென்ன கண்ணு?"

எங்கள் இரண்டு பேருக்கும் பேர் தெரியும். ஆஸ்பத்திரியில் போலீஸ் எழுதிய பேப்பரில் பார்த்திருக்கிறோம். நியூஸ் பேப்பரில் ஊர்ப்பேரோடு போட்டோகூட வந்தது. ஆனால் இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

"ஆல்வின்" என்றாள் மிருது.

மழை கொஞ்சம் குறைந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள். ஃபியூஸ் போன பிறகு அவன் ஸ்டேஜுக்குப் பின்னால் ஓடியது, வாட்ச்மேன் துரத்தியது, இவள் அவனை லேடீஸ் ஹாஸ்டல் சைக்கிள் ஷெட்டில் ஒளித்து வைத்தது. இதையெல்லாம் ஒரு அப்பாவிடம் சொல்லலாமா என்று அவளும் யோசிக்கவில்லை, கேட்கலாமா என்று நானும் யோசிக்கவில்லை.

திடீரென்று கரன்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு தரம் துடித்து எரிந்தது. மிருது கண்ணைச் சுருக்கினாள். அழுத முகம், கலைந்த தலை, எங்கள் இரண்டு பேர் முகம், எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் பேச்சு பாதியில் நின்றது.

நான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

"ஆல்வின் அப்புறம் என்ன கண்ணு பண்ணினான்?" என்றேன்.